பெருந்தடத்தை மறித்த ஆட்காட்டி

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் ஒன்றோடொன்று தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைக்குக் கீழே பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்கு மேற்கே சரளைக்கல் நிறைந்த பொட்டல். பொட்டலுக்கும் ஏரிக்கும் நடுவே, கரையை ஒட்டியே ஒரு தடம் ஓடியது. மலையிலிருந்து இறங்கி, தெற்கே கரை சரிந்து தண்ணீரைத் தொடும் இடம் வரைக்கும் போகும். யானையும் காட்டெருமையும் பன்றியும் மிதித்து மிதித்து அகலமாக்கிய தடம் அது. எல்லாரும் அதைப் பெருந்தடம் என்றே சொன்னார்கள்.

அந்தக் காட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. எந்த மரம் யாருக்கு, தண்ணீரில் முதலில் வாய் வைப்பது யார், மழை பெய்தால் யார் குகையில் யார் ஒதுங்கலாம் என்றெல்லாம் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். பெருந்தடத்துக்கு மட்டும் ஒரு முறையும் கிடையாது. உடம்பில் கனம் உள்ளவர்கள் ஓடுவார்கள், மற்றவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பிக் குறுக்கே போவார்கள். பெரியவர்கள் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரிகிற உயரத்தில் அவர்களுடைய கண் இல்லை, அவ்வளவுதான்.

பொட்டலில் வெள்ளத்தாய் என்றொரு ஆட்காட்டிக் குருவி குடியிருந்தாள். மண் நிறத்தில் முதுகு, வெள்ளை வயிறு, சாம்பல் நிறத்தில் நீளமான கால், அதே சாம்பலில் நுனி கறுத்த அலகு. முகத்தைப் பார்த்தால் ஒரு நிறமும் நினைவில் நிற்காது. அவள் புருஷன் சங்கையா வாய் திறக்காதவன். அவனுக்கும் சேர்த்து வெள்ளத்தாய் பேசிவிடுவாள். பேசுவாள் என்பதுகூடச் சரியில்லை, கத்துவாள். பருந்து வந்தால் கத்துவாள். பாம்பு வந்தால் கத்துவாள். மேகத்தின் நிழல் பொட்டலைத் தாண்டிப் போனாலும் அதே கத்தல்தான். வெள்ளத்தாய் கத்துகிறாள் என்றால் எங்கேயோ ஓர் ஓணான் தும்மியிருக்கும் என்று ஏரிக்கரையில் கேலி பேசுவார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் தாய்க்கு இவ்வளவு குரல் வேண்டாமா என்பது அவள் கட்சி.

ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டத் தெரியாதவர்கள். தரையில் நாலு கல்லை ஒதுக்கிவிட்டு, அங்கேயே முட்டையிட்டு அடைகாப்பார்கள். குஞ்சு பொரித்த அன்றே எழுந்து நடக்கும். நடந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் இரை ஏரிக்கரைச் சேற்றில் இருக்கிறது. பகலில் பொட்டல் கொதிக்கும், மேலே பருந்து சுற்றும். அந்தியில்தான் குஞ்சுகளைக் கூட்டிப் போக முடியும். அந்தியில்தான் மலையிலிருந்து பெருங்கூட்டங்களும் தாகத்தோடு ஓடிவரும்.

ஒரு கோடையில் வெள்ளத்தாய் தன் குஞ்சுகளோடு பெருந்தடத்தைக் கடந்தாள். ஒன்றுதான் அக்கரை சேர்ந்தது. மற்றவை பன்றிக் கூட்டத்தின் குளம்புக்கடியில் போய்விட்டன.

மறுநாள் காலையில் அவள் பன்றிகளின் தலைவன் மொக்கையனைத் தேடிப் போனாள். சேற்றில் படுத்திருந்தவன், ஒரு குருவி தன்னைத் தேடி வந்ததில் கொஞ்சம் மகிழ்ந்து எழுந்து உட்கார்ந்தான். என் பிள்ளைகளைக் கொன்றுவிட்டாயே என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

"எந்தப் பிள்ளைக, தாயி?" என்றான்.

அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் அவளை அதிகமாக வாட்டியது. நான் தொண்டை கிழியக் கத்தினேனே, அதுகூடவா கேட்கவில்லை என்றாள்.

"கேட்டுச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றான் மொக்கையன். "ஆனா நீ விடிஞ்சதுலேர்ந்து கத்திக்கிட்டுத்தான இருந்த? எந்தக் கத்தலுக்கு நிக்கணும்னு எனக்கு எப்படித் தாயி தெரியும்?"

கேலியாகச் சொல்லியிருந்தால் அவள் அவன் கண்ணைக் கொத்தியிருப்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். வெள்ளத்தாய் பொட்டலுக்குத் திரும்பி வந்து, வெறும் கூட்டில் உட்கார்ந்து அழுதாள். அவனை வெறுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் எப்படி வெறுப்பது? அன்றைக்குப் பொட்டலில் ஒரு சத்தமும் இல்லை. சங்கையாவுக்குப் பயமாகிவிட்டது. உடம்புக்கு என்ன என்று அவனாகவே வாயைத் திறந்து கேட்டான்.

அதற்குப் பிறகு அவள் வழியோரத்தில் நின்று பார்க்கத் தொடங்கினாள். இந்தப் பெரியவர்கள் எதற்குத்தான் நிற்பார்கள்? சத்தத்துக்கு நிற்கவில்லை, மழைக்கும் நிற்கவில்லை. முள்ளை மிதித்தாலும் நொண்டிக்கொண்டே ஓடினார்கள்.

ஒருநாள் மலைச்சரிவில் தீப்பிடித்தது. காற்று ஒரு கங்கைத் தூக்கிக்கொண்டு வந்து பெருந்தடத்தின் நடுவே போட்டது. கோவைப்பழம் அளவுதான் இருக்கும். அப்போது யானைக் கூட்டத்தை நடத்தி வந்துகொண்டிருந்தவள் அங்கம்மா. காட்டிலேயே பெரிய உடம்பு அவளுடையது. அவள் நகத்தின் உயரம்கூட இல்லாத அந்தக் கங்குக்கு அவள் நின்றாள். பின்னால் வந்த யானைகள் எல்லாம் நின்றன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கங்கு கறுத்து அணைகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

வெள்ளத்தாய் இதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கு கத்தவில்லை. பார்த்த கணத்திலேயே எல்லாருக்கும் ஒரே பொருள்தான் புரிந்தது. யானைக்கு ஒன்று, எலிக்கு ஒன்று என்று அது மாற்றிச் சொல்லவும் இல்லை. அவள் மனசுக்குள் ஒன்று தெளிந்தது.

அடுத்த கோடையில் அவள் மறுபடி நாலு முட்டை இட்டாள். சங்கையாவை அடைகாக்க உட்கார வைத்துவிட்டு புதரோரக் கொடிக்குப் போனாள். பழுத்த கோவைப்பழங்களை அலகால் நசுக்கி, அந்தச் சிவப்பைக் கண்ணைச் சுற்றியும் அலகின் மேலும் அப்பிக்கொண்டாள். நுனியில் மட்டும் பிடிக்கவில்லை, கறுப்பாகவே நின்றது. காய்ந்ததும் இன்னொரு முறை பூசினாள். திரும்பி வந்தவளைப் பார்த்துச் சங்கையா முட்டையை விட்டே எழுந்துவிட்டான். ஏரிக்கரை முழுக்கச் சிரித்தது. கல்யாணம் எங்கே, மாப்பிள்ளை யார் என்று குரங்குகள் கேட்டன. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். நிறம் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சிரிப்புதானே அத்தாட்சி!

ஆனால் பெரியவர்களை நிறுத்தினால் மட்டும் போதாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நிற்கிறவர்களின் காலுக்கடியில் பிள்ளைகள் கண்டபடி ஓடினால் என்ன பயன்? அதனால் முட்டை பொரிப்பதற்கு முன்பே, கரையிலுள்ள சின்னஞ்சிறுசுகளையெல்லாம் கூப்பிட்டுப் பொட்டலில் நடக்கப் பழக்கினாள். முயல் ராக்காயிதான் முதலில் தன் குட்டிகளை அனுப்பினாள். பிறகு கவுதாரி அனுப்பினாள். கீரிகூட அனுப்பினாள், முட்டைப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டோம் என்று குட்டிகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு. மொக்கையனின் கடைக்குட்டி சொள்ளமுத்து, அப்பனுக்குத் தெரியாமல் தானாகவே வந்து கடைசியில் நின்றுகொண்டான். முதுகில் கோடு போட்ட, ஓயாமல் மூக்கை உறிஞ்சுகிற பயல். அவனைக் கண்டதும் வெள்ளத்தாய்க்குப் போன கோடை நினைவுக்கு வந்தது. பிள்ளை என்ன செய்யும் என்று அவனையும் வரிசையில் சேர்த்துக்கொண்டாள்.

கொஞ்சம் நட, பிறகு நில். நின்று தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார். காதைக் கொடு. ஒன்றும் இல்லையென்றால் மறுபடி நட. நான் சிறகை விரித்தால் இருக்கிற இடத்திலேயே அசையாமல் படுத்துவிடு. இவ்வளவுதான் பாடம். அவளே முன்னால் நடந்து காட்டினாள். அதுவரைக்கும் ஆட்காட்டிகளும் மற்றவர்களைப் போல ஒரே ஓட்டமாக ஓடுகிறவர்கள்தான். பழக்கம் விடுமா? ஒருநாள் ஏதோ யோசனையில் பொட்டலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிற்காமல் போய்விட்டாள்.

"அத்தே, நீங்க நிக்கவும் இல்ல, பாக்கவும் இல்ல," என்றது கீரிக்குட்டி.

வெள்ளத்தாய்க்கு முகத்துச் சிவப்பு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய், நின்று, பார்த்து, மறுபடி நடந்து வந்தாள். அதிலிருந்து புழுவைக் கொத்தப் போனாலும்கூட நாலு எட்டு நடப்பாள், நிற்பாள், தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பிள்ளைகளின் கண் தன்மேல் இருக்கிறது என்று தெரிந்தவள் வேறெப்படி நடப்பாள்! கற்றுக்கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சொன்னபடி தானும் நடக்கிறவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்த வகையில் வெள்ளத்தாயைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

முட்டைகள் பொரித்தன. நாலும் நல்ல குஞ்சுகள். கடைசியாக வந்தவனுக்கு மட்டும் எதிலும் அவசரம், முட்டை ஓட்டை உதறுவதற்கு முன்பே நடக்கப் பார்த்தான். வெயில் ஏறுமுன் வெள்ளத்தாய் அவர்களுக்கும் அதே பாடத்தைப் பழக்கினாள். சங்கையா அக்கரைக்குப் போய்ச் சேற்றோரத்தில் காத்து நின்றான். வெயில் தாழ்ந்ததும் வெள்ளத்தாய் நாலு பேரையும் பெருந்தடத்தின் ஓரத்துக்குக் கூட்டி வந்தாள். நின்று, பார்த்து, காதைக் கொடுத்தாள். தடம் வெறுமையாக இருந்தது. மூத்தவர்கள் மூன்று பேரும் பழகினபடியே நின்று நின்று கடந்து அப்பனிடம் போய்ச் சேர்ந்தார்கள். கடைக்குட்டி நாலு எட்டு வைத்து நின்றவன், நடுத்தடத்தில் ஒரு வண்டைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டான். இதையெல்லாம் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சொள்ளமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குஞ்சைக் கூட்டிவர அவனும் நடுத்தடத்துக்குப் போனான்.

அப்போதுதான் தரை அதிர்ந்தது. மலைப்பக்கம் புழுதி எழும்பியது. மொக்கையனின் கூட்டம் வந்துகொண்டிருந்தது.

வெள்ளத்தாய் பறந்துபோய் இரண்டு பிள்ளைகளுக்கும் முன்னால் இறங்கினாள். பழக்கத்தில் அலகு தானாகத் திறந்தது. தொண்டை வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. எந்தக் கத்தலுக்கு நிற்பது என்று அவன் கேட்டது அந்தக் கணத்தில் அவள் நினைவுக்கு வந்தது. வாழ்க்கை முழுக்க நம்பியிருந்த அந்தக் குரலை அவள் விழுங்கினாள். அலகை மூடிக்கொண்டு, சிறகு இரண்டையும் அகல விரித்து, புழுதிக்கு நேர் எதிரே முகத்தை நிமிர்த்தி நின்றாள். பின்னால் சொள்ளமுத்துவும் குஞ்சும் சொல்லிக்கொடுத்தபடி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார்கள்.

பயம் இல்லாமல் இல்லை. அந்தப் பயத்தோடு நின்றாள் என்பதுதான் பெருமை.

முன்னால் ஓடிவந்த மொக்கையன் புழுதியின் ஊடே சிவப்பாக ஒன்றைக் கண்டான். அதன் இரண்டு பக்கமும், அதுவரை சிறகுக்குள் மடங்கியே கிடந்த கறுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் தடத்தின் குறுக்கே நீண்டிருந்தன. அது என்னவென்று யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை. சிவப்பு என்றால் கங்கு என்று அவன் கால்களுக்கே தெரிந்திருந்தது. குளம்புகளை மண்ணில் அழுத்தி ஊன்றினான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் முட்டி, ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். சரளைக்கல் பறந்துபோய் வெள்ளத்தாயின் கால்களில் அடித்துத் தோலைக் கிழித்தது. அவள் சிறகை மடக்கவில்லை.

புழுதி அடங்கியபோது பன்றியின் மூக்குக்கும் குருவியின் அலகுக்கும் நடுவே ஒரு பூ வைக்கத்தான் இடம் இருந்தது. மொக்கையன் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தான். குஞ்சுக்கு அணைவாக, முதுகில் கோடு போட்ட ஒன்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. சிறகு மடங்காத வரைக்கும் எழுந்திருக்கக்கூடாது என்று சொன்ன பாடத்தை விடாமல், மூக்கைக்கூட உறிஞ்சாமல் கிடந்தான் அவன் மகன்.

மொக்கையன் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான். முந்தைய கோடையில் அவள் கேட்டது இப்போதுதான் அவனுக்குக் கேட்டது.

"உன் பிள்ளைகளை நான் பாக்கவே இல்லையே, தாயி," என்றான்.

"இன்னைக்குப் பாத்துட்டீங்கல்ல, அண்ணே," என்றாள் வெள்ளத்தாய். "அது போதும்."

சிறகை மடக்கினாள். குஞ்சு எழுந்து, நாலு எட்டு வைத்து, நின்று, இரண்டு பக்கமும் பார்த்தது. அத்தனை பன்றிகளும் அசையாமல் நிற்க, அது ஒன்றுக்கும் அவசரப்படாமல் அக்கரைக்கு நடந்து போனது. சொள்ளமுத்து அதன் பின்னாலேயே போய் விட்டுவிட்டு வந்தான். நாலு குஞ்சுகளும் சேற்றோரத்தில் ஒன்றாக நின்றதைப் பார்த்த பிறகுதான் வெள்ளத்தாய்க்குக் கால் வலி தெரிந்தது. முயல் ராக்காயி காட்டுமஞ்சளைக் கடித்துத் துப்பிக் கால் முழுக்கப் பூசிவிட்டாள். அந்த மஞ்சள் பிறகு போகவே இல்லை. முகத்துச் சிவப்பும் அப்படியே தோலில் ஊறி, அவள் குலத்துக்கே நிறமாகிவிட்டது.

சேதி காடு முழுக்கப் பரவியது. எல்லாரும் ஏரிக்கரையில் கூடினார்கள். பன்றி நின்றது சரி, யானையும் ஒரு குருவிக்கு நிற்க வேண்டுமா என்று காட்டெருமைகள் முணுமுணுத்தன. கூட்டம் அங்கம்மாவைப் பார்த்தது. அங்கம்மா காதை அசைத்துக்கொண்டு வெள்ளத்தாயின் மஞ்சள் கால்களைப் பார்த்தாள்.

"நெருப்புக்கு நான் நின்னது பயத்துல," என்றாள். "இவளுக்கு நிக்கப்போறது மரியாதையில. யாரு யாரு நிக்கிறீங்களோ எனக்குத் தெரியாது. நான் நிப்பேன்."

அன்றைக்கே பெருந்தடத்துக்கும் ஒரு முறை வந்தது. மஞ்சள் கால் வழியோரத்தில் தெரிந்தால், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவந்த முகம் நடுவே நின்று சிறகு விரித்தால், யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். அவள் பறந்துபோய், தடத்தோரத்துப் பச்சைப்புல் மட்டும் கண்ணில் பட்டால், தாராளமாகப் போகலாம். அந்த முறையைச் சின்னஞ்சிறுசுகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டன. காட்டெருமைகளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

வெள்ளத்தாய் கத்துவதை விட்டுவிட்டாளா என்றால், அதுதான் இல்லை. மேகத்தின் நிழலுக்கு இன்றைக்கும் அந்தக் குலம் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வளவு பெரிய காரியம் செய்தவளிடம் இந்த ஒரு சின்னக் குறையைப் பொறுத்துக்கொள்ளக்கூடாதா என்ன!

வெகு காலம் கழித்து மனிதர்கள் வந்தார்கள். பெருந்தடம் மண்சாலையாகி, தார்ச்சாலையாகி, அதில் யானையைவிடக் கனமான வண்டிகள் பன்றியைவிட வேகமாக ஓடின. பொட்டல் இருந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. அதன் வாசலில் ஓர் ஆட்காட்டி, மாட்டு மந்தை ஒன்றை மறித்துச் சிறகு விரித்து நிற்பதையும், அத்தனை மாடுகளும் ஒரு குருவிக்கு ஒதுங்கிப் போவதையும் சாலை போட வந்தவர்கள் பார்த்தார்கள். வெட்கப்பட்டார்களோ வியந்தார்களோ, அந்தப் பறவையின் முகத்துச் சிவப்பையும் காலின் மஞ்சளையும் எடுத்துக் கம்பத்தில் விளக்காக வைத்தார்கள். புல்லின் பச்சையை அதற்குக் கீழே வைத்தார்கள். விரித்த சிறகின் கறுப்பையும் வெள்ளையையும் பட்டை பட்டையாகச் சாலையின் குறுக்கே வரைந்தார்கள்.

வெள்ளத்தாய் தடத்தை மறித்த நாள் முதல்தான், ஆட்காட்டிக்கு முகம் சிவந்தும் கால் மஞ்சளாகவும் இருக்கிறது. நாலு எட்டு நடந்து, நின்று, பார்த்து, பிறகே அது நடக்கிறது. அந்தப் பட்டைகளின் ஓரத்தில் ஒரு பிள்ளை நின்று இரண்டு பக்கமும் பார்த்துத் தன் சின்னக் கையை உயர்த்தினால், எவ்வளவு பெரிய வண்டியும் அதற்காக நின்றுதான் போக வேண்டும் என்று ஆயிற்று.